மேலுமலையில் இளைத்த வண்டி

‘வண்டிக்குப் பிக்கப் இல்லை’ என்று ஆட்கள் சொல்ல இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அதற்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது மேலுமலை ஏற்றத்தில்தான். கால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கும். இன்ஜின் சத்தம் போடும். முள் மட்டும் எண்பதிலிருந்து அறுபது, நாற்பது என்று இறங்கிக்கொண்டே வரும். பின்னால் வருகிற லாரியின் முகம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வரும். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறவனும் ஒரு பயணிதான்.

நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனியை மூடியபோது கையில் வந்ததை வைத்து ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்று வாங்கினேன். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் அடுத்த ஊரிலுமாக ஆறு பெண்கள், சூளகிரி தாண்டி ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கிறவர்கள். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. வந்தாலும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அதில் இடம் கிடையாது. அவர்களைக் காலையில் பதினொன்றரைக்கு ஏற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி வழியாக மலையேறி, ஒன்றே முக்காலுக்குள் கேட்டில் இறக்கிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் திரும்ப அழைத்து வர வேண்டும். இதுதான் என் பிழைப்பு.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. மற்றதெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுச் சேர்த்தது. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் டீசல் ரசீதின் பின்னால் குறித்து வைத்துக்கொள்வேன். அந்த ரசீதுகளில் பாதி, முன் சீட்டில் உட்காரும் அக்கா பேசினதாகத்தான் இருக்கும். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் வண்டியில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்காவாகிவிட்டார். தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. வண்டியிலும் அதே வேலைதான் செய்வார். நான் எங்கே பிரேக் போட்டேன், ஏன் போட்டேன் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருக்கும்.

கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் போர்வெல் போடும் லாரியில் வடக்கே போய்விட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறவர். நாலு வயதில் ஒரு மகள். இந்தப் பெண் இரண்டு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தாள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கழுத்தில் ஆரஞ்சு நிறக் கயிற்றில் அடையாள அட்டை தொங்கும். கம்பெனி ஆட்களுக்கு நீலக் கயிறு. மாசி மாதத்தில் அவளைக் கூப்பிட்டு, மூன்று மாதம் பார்ப்போம், வேலையும் வருகையும் சரியாக இருந்தால் நீலக் கயிறு என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் மூன்று முறை தாமதமாக வந்தால் நீலமும் கிடையாது, ஆரஞ்சும் கிடையாது. அன்று ராத்திரி திரும்பும்போதே அவள் அதைச் சொன்னபோது முன் சீட்டு அக்கா திரும்பிப் பார்த்து, “அப்ப இனிமே இந்த வண்டி உன்னுது. நாங்கல்லாம் லிப்ட் கேட்டு வர்றவங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மாசிக்கு முந்தின ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தேன். ஆறு பேரும் வந்திருந்தார்கள். கடைசி சீட்டுப் பெண் மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்த காப்புக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மஞ்சளில் நனைத்த நூல், இன்னும் ஈரம் காயவில்லை.

“கண்ணாடியில கட்டட்டுமாண்ணா?”

“கண்ணாடியில ஏற்கெனவே சந்தையே நடக்குது. இரு.” நான் பானட்டைத் தூக்கினேன். இன்ஜினுக்குப் பின்பக்கமாக, பென்சில் கனத்தில் ஒரு கறுப்பு ரப்பர்க் குழாய் போகும். அது எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கட்டுவதற்குத் தோதாக இருந்தது. “இதுல கட்டும்மா. வேலை எங்க நடக்குதோ சாமி அங்க இருக்கட்டும்.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எக்கி நின்று, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“இறுக்கிக் கட்டு. ரோட்டு ஆட்டத்துல அவுந்துடப் போவுது” என்றேன்.

விரல் சிவக்க இழுத்து இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டாள். முன் சீட்டு அக்கா சும்மா இருப்பாரா? “வண்டிக்குத் தாலி கட்டுறா பாரு. இனிமே அது அவ பேச்சத்தான் கேக்கும்.”

பனிக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய பிறகு ஒரு நாள், குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏறும்போது, யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. இன்ஜின் லைட் எரிந்தது. ஓரம் கட்டி அணைத்து, பத்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டேன். லைட் இல்லை, குதிரை மாதிரி ஏறியது. சரி, ஏதோ தூசி என்று விட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து மறுபடியும். அப்புறம் ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தொடர்ந்து இரண்டு நாள். தினமும் வந்தால் நோய் என்று சொல்லலாம், வராமலே போனால் நிம்மதி. இது இரண்டுமில்லாமல் ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து வந்தது.

“எங்க மாமனாருக்கும் இப்படித்தான். படி ஏறச் சொன்னாத்தான் மூச்சு வாங்கும். கறிக்கடைக்குப் போகச் சொன்னா முன்னாடி ஓடுவாரு” என்றார் முன் சீட்டு அக்கா.

கிருஷ்ணகிரியில் சேலம் ரோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் இன்னொரு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார். அவர்தான் எனக்கு டர்போ என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தார். “அது வண்டிக்கு இன்னொரு நுரையீரல்ண்ணா. புகையோட வேகத்துல சுத்தி, வெளிக்காத்த இழுத்து இன்ஜினுக்குள்ள திணிக்கும். அது படுத்துக்கிச்சுன்னா வண்டி ஓடும், ஆனா ஏறாது.”

“படுத்துக்கிச்சா பாய்?”

“படுக்கல. நல்லாத்தான் சுத்துது. யாரோ அத வேலை செய்ய வுடாம பண்றாங்க.” டீசல் பில்டரை மாற்றினார். கறுத்துத்தான் இருந்தது. எங்கே டீசல் போடுகிறாய் என்று கேட்டார். பெண்களை இறக்கிவிட்ட பிறகு அத்திப்பள்ளிப் பக்கம் போய், கர்நாடகாவில் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். “அதான்” என்றார் பாய். நானும் அதுதான் என்று நம்பினேன். எல்லையைத் தாண்டிப் போனதற்குக் கிடைத்த தண்டனை மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கமே போட்டேன். பானட்டைச் சாத்துவதற்கு முன் பாய் சொன்னார்: “பின்னாடி சாமி கயிறு கட்டியிருக்கீங்க. அந்தப் பக்கம் நான் கை வைக்கல. கிரீஸ் கை.” எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. எவ்வளவு பெரிய மனுஷன் என்று ரசீதின் பின்னால் எழுதிக்கூட வைத்தேன்.

பில்டர் மாற்றி மூன்றாம் நாள் மறுபடி நின்றது.

அந்தப் பெண்ணுக்கு அதற்குள் ஒரு தாமதம் விழுந்திருந்தது. மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு பஸ்ஸில் போய் அரை மணி பிந்திவிட்டாள். இரண்டாவது தாமதம் என் வண்டியால் விழுந்தது. அன்றைக்கு அக்னி வெயில் மாதிரி அடித்தது. மலையில் இரண்டு முறை ஓரம் கட்டி அணைத்துப் போட்டும் நாற்பதுக்கு மேல் போகவில்லை. வலது பக்கம் கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. கேட்டுக்குப் போனபோது ஒன்று ஐம்பது. மற்றவர்களுக்கு அது ஒரு திட்டோடு போகும். அவளுக்கு ஒரு கோடு. இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்று, “ஒண்ணு என்னுது, ஒண்ணு உங்களுது. சரியாப் போச்சுண்ணா” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த வார்த்தையை நான் எதிலும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே இன்னும் இருக்கிறது.

அன்று மத்தியானமே ஓசூரில் சிப்காட் பக்கம், லேப்டாப் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். முப்பது வயதுக்காரர். வீட்டுக்குத் தெலுங்கிலும், சாமான் கடைக்குக் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர். வயரைச் செருகி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“காத்து அழுத்தம் பத்தலன்னு பல தரம் பதிவாயிருக்குண்ணா. அப்பிடி ஆச்சுன்னா வண்டி தானாவே பவரக் குறைச்சிக்கும். இன்ஜின் கெட்டுடக் கூடாதுன்னு.”

“ஏன் பத்தலன்னு சொல்லாதா?”

“மிஷின் கோள் சொல்லும்ண்ணா. சாட்சி சொல்லாது.”

காற்று அழுத்தம் பார்க்கும் சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பெரிய காற்றுக் குழாயில் விரிசல் மாதிரி ஒன்று தெரிந்தது, அதையும் மாற்றினார். சின்னக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனவர், காப்புக் கயிற்றைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார். விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு ரிங் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். சமதரை. வண்டி பறந்தது. “ஏமீ லேதண்ணா, பாகுந்தி” என்றார். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் அனலாய்க் கொதித்த பிள்ளை டாக்டரைப் பார்த்ததும் சிரித்து விளையாடினால் தாய்க்கு எப்படி இருக்கும்? ‘நிஜமாகவே கொதித்ததுங்க’ என்று சொல்லிக்கொண்டு நிற்பாளே, அப்படி நின்றேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரையும் விடவில்லை. டை கட்டிய பிள்ளைகள் என்னை ஏசியில் உட்கார வைத்து, வண்டியை ஒரு பகல் வைத்திருந்து, எல்லாம் சரி என்று இரண்டு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். பானட்டுக்குள் அடித்துக் கழுவும்போது நனைந்துவிடாமல் இருக்க, காப்புக் கயிற்றுக்கு ஒரு பாலிதீன் உறையை மாட்டியிருந்தார்கள். அதைக்கூட நான் நன்றியோடுதான் அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் அரை மணி முன்னதாகவே புறப்பட்டோம். பதினொரு மணிக்குப் புறப்படுவதென்றால் அந்தப் பெண்கள் விடியலிலிருந்தே அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனாலும் யாரும் பேசவில்லை. சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. வானம் மூடிக் கிடந்தது. ஒன்பது நாள் வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. ஒன்பதாம் நாள் முன் சீட்டு அக்கா, “அதான் நல்லாயிடுச்சே. அரை மணி நேரம் கேட்டு வாசல்ல உக்காந்து என்னா பண்றோம்? ஊர்க்கதை தீந்துபோச்சு” என்றார். நான் கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்த்தேன். அவளும், “ஆமாண்ணா, பாப்பாவுக்குச் சோறு ஊட்டிட்டு வந்துடுவேன்” என்றாள். இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி என்று அவள் விரல் விட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து பழையபடி பதினொன்றரை.

மூன்றாம் நாள் வெயில் திரும்பி வந்தது.

மலை தொடங்கும் இடத்திலேயே எனக்குக் காலில் தெரிந்துவிட்டது. பெடலுக்கும் வண்டிக்கும் உறவு அறுந்த மாதிரி. எண்பது, எழுபது. ஏசியை அணைத்தேன். கியரைக் குறைத்தேன். ஐம்பது. இன்ஜின் லைட் எரிந்தது. ஓரம் கட்டி அணைத்துவிட்டு, ஐந்து வரை எண்ணிப் போட்டேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி அதேதான்.

“ண்ணா, நான் எறங்கி ஏதாவது வண்டிக்குக் கை காட்டட்டுமா?” என்றாள் அவள்.

அவளும் முன் சீட்டு அக்காவும் இறங்கினார்கள். வேறு தொழிற்சாலையின் பஸ் ஒன்று கை காட்டியும் நிற்காமல் போயிற்று. இரண்டு கார்கள் நிற்கவில்லை. பைக்கில் வந்த ஒருவர் நின்றார், ஆனால் பின்னால் அவர் மனைவியும் நடுவில் குழந்தையும் இருந்தார்கள். “மன்னிச்சுக்கோங்கம்மா” என்று அவர் சொன்னதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. எதற்காக அவர் மன்னிப்புக் கேட்கிறார்? நான் பானட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷம் லேத்தில் நூலிழைக்குக் கணக்குப் பார்த்த கை, அங்கே எதைத் தொடுவது என்று தெரியாமல் வெறுமனே தொங்கியது. மறுபடி ஏறிக்கொண்டோம். முப்பது, முப்பத்தைந்து வேகத்தில், ஓரத்திலேயே ஊர்ந்து மேலே வந்து சேர்ந்தோம். உச்சி தாண்டிச் சமதரை வந்ததும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது.

கேட்டில் ஒன்று ஐம்பத்திரண்டு. அவள் அட்டையை மிஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். நான் வண்டியை விட்டு இறங்கிப்போய் செக்யூரிட்டியிடம், “என் வண்டிதாங்க ரிப்பேரு, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல” என்றேன். அவருக்கும் என் வயதுதான். திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு. “நான் உட்டாலும் மிஷின் உடாதுப்பா” என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியை எடுத்து அவளுக்குப் போட்டார். அவரால் ஆனது அது. அவள் உட்காரவில்லை. ஒன்று அவளுடையது, இரண்டு என்னுடையது. இந்த முறை அவள் கணக்குச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவளை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் போய் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். சர்வீஸ் சென்டர் கொடுத்த இரண்டு தாள்களையும் நீட்டினேன். அதில் வண்டி நன்றாக இருப்பதாக எழுதியிருந்தது. அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “வண்டிதாங்க லேட்டு, அவ இல்ல” என்றேன். “வண்டிக்கு ஐடி கார்டு இல்லீங்களே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

பிறகு ஐந்து பேரோடு ஓட்டினேன். கடைசி சீட்டில் சாப்பாட்டுப் பைகள் மட்டும் வந்தன. முன் சீட்டு அக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். என் ரசீதுகளின் பின்பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

வைகாசியில் ஒரு நாள், அதே மலை, அதே வெயில், மறுபடி நின்றது. இந்த முறை பத்து நிமிஷம் காத்திருக்கப் போனபோது அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். “ஆற வுடாதீங்க. இப்பவே தொறங்க.”

“கை வைக்க முடியாதுக்கா, கொதிக்குது.”

“கொதிக்கும்போதுதான் பாக்கணும். எங்க லைன்ல ஒரு பீஸு ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் ஓடலன்னா, சூடு இருக்கும்போதே மேஜைக்கு வந்துடணும். ஆறுனா அது நல்லவன் வேசம் போட்டுக்கும்.” பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “இதுல எதெல்லாம் வண்டியோட வந்தது? எதெல்லாம் நாம அப்பறமா சேத்தது?”

“பில்டரு, பெரிய பைப்பு மாத்தினது. வேற நாம என்ன சேத்தோம், ஒண்ணும்…”

நான் முடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பருத்தி நூல் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. நான்தான் வாரா வாரம் பானட்டைத் திறந்து தண்ணீர் அடிக்கிறவன். சூட்டில் அந்த ரப்பர்க் குழாய் இளகியிருந்தது. பருத்துப்போன விரலில் பழைய மோதிரம் புதைந்திருக்குமே, அப்படிக் குழாய்க்குள் கயிறு புதைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் பிதுங்கி நின்றது. டர்போவுக்கு எப்போது எவ்வளவு என்று ஆணை போவது அந்தக் குழாய் வழியாகத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். குளிரில் ரப்பர் விறைத்து நிற்கும், வழி திறந்திருக்கும். வெயிலில் ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும்போது இளகி, கயிற்றின் பிடியில் குரல்வளை மாதிரி நசுங்கும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி திறக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். தார் சுட்டது. நகவெட்டியில் இருந்த சின்னக் கத்தியால் முடிச்சை அறுத்தேன். கயிறு வந்த பிறகும் குழாய் சற்று நேரம் நசுங்கியபடியே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல உருண்டு திரண்டு வந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

வண்டியை எடுத்தேன். லைட் அணைந்துவிட்டது. எண்பதில் ஏறியது. ஒரு லாரியைத் தாண்டினோம், இன்னொன்றையும் தாண்டினோம். அந்த ஏற்றத்தை அது அவ்வளவு சுலபமாக ஏறியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சூளகிரி வந்தது. அக்கா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: “அவகிட்ட சொல்றதா இருந்தா, இறுக்கிக் கட்டுன்னு நீங்க சொன்னத மொதல்ல சொல்லுங்க.”

“ம்.”

“நான் சிரிச்சதயும் சொல்லுங்க.”

குழாயை மாற்றித் தந்தபோது ஓசூர் மெக்கானிக் பழைய குழாயை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். “பாத்தேன்ண்ணா அன்னிக்கே. சாமி கயிறாச்சேன்னு வுட்டுட்டேன்.” பாயிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்க ஆளுங்க கட்டினதா இருந்தா அவுத்துப் பாத்திருப்பேன். உங்களுதுன்னு ஒதுங்கிட்டேனே.” யாரைக் குறை சொல்ல? பார்க்காதவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பார்த்து, மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். நான் அந்த மரியாதைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளிடம் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் சாக்கை விரித்து, சுத்தியலால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வியாபாரி மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போகிற வேலை. மகள் பக்கத்தில் கொட்டைகளைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் புளிப் பிசுக்கு என்பதால் முழங்கையால் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

“வண்டி சரியாயிடுச்சாமே. அக்கா போன்ல சொன்னாங்க.”

“ஆயிடுச்சும்மா.”

“என்னாண்ணா கொறை?”

“ஒரு சின்ன ரப்பர் ஓஸு. நசுங்கி இருந்துச்சு.”

“அவ்ளோதானா?” சுத்தியலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “எப்பிடி நசுங்குச்சு?”

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினேன். “நான்தாம்மா. ஒரு எடத்துல இறுக்கச் சொல்லிட்டேன். இறுக்கக் கூடாத எடம்.”

மெக்கானிக் சொல்லித்தான் நான் அப்படிச் செய்ததாக அவள் எடுத்துக்கொண்டாள். “நீங்க என்னா பண்ணுவீங்க, அவங்க சொல்றத நாம கேக்கறோம்” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். பிறகு, “கயிறு இருக்குதில்லண்ணா?” என்றாள்.

“வண்டியிலதான் இருக்குது.” அது பொய்யில்லை. முன் பெட்டிக்குள், ரசீதுகளோடு, அறுந்தபடி இருந்தது.

“அது இருக்கங்காட்டிதான் அத்தனை லாரிக்கு நடுவுல நமக்கு ஒண்ணும் ஆகல. வேலை போனாப் போவுது. இவளுக்கு நான் இருக்கறேன்.” மகளின் தலையைப் பிசுக்குக் கை படாமல் மணிக்கட்டால் தொட்டாள். இதற்கு மேல் என்ன சொல்வது? சொன்னால் யாருக்கு லேசாகும் என்று யோசித்தேன். எனக்குத்தான் லேசாகும் என்று பட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

சரியாகச் செய்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. முன் சீட்டு அக்காவிடம் கேட்டேன். “எனக்கும் தெரியல. தெரியாததுல ரெண்டு பேரும் சேந்து இருப்போம்” என்றார். நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு ரசீதைத் திருப்பி எழுதினேன்.

புரட்டாசி வந்தது, ஆயுத பூசையும் வந்தது. அவளுக்கு இன்னும் எந்தக் கம்பெனியிலும் வேலை அமையவில்லை. மாங்கூழ் பேக்டரியில் சீசனுக்கு மட்டும் போய்விட்டு வந்தாள். வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மறு கையில் மஞ்சள் ஈரத்தோடு புதுக் கயிறு.

“இந்த வருசமும் நானே கட்டறேண்ணா. நான் வரலன்னாலும் இவங்கல்லாம் போறாங்கல்ல.” அக்காவையும் மற்ற நாலு பேரையும் காட்டினாள். பிறகு பழக்கத்தில் பானட்டின் பக்கமாகப் போனாள்.

“அங்க வேணாம்மா” என்றேன். “கண்ணாடியில கட்டு.”

“கண்ணாடியில எடமே இல்லன்னீங்க?”

“எல்லாத்தையும் கழட்டிட்டேன்.”

முன் சீட்டில் ஏறி முட்டி போட்டு, கண்ணாடியின் காம்பில் கயிற்றைச் சுற்றினாள். முன் சீட்டு அக்கா கதவருகே நின்றிருந்தார். இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இறுக்கிக் கட்டவாண்ணா?”

“வேணாம்மா” என்றேன். “லேசாவே இருக்கட்டும்.”